அப்பாவுக்கு டியூப் போடக் கையெழுத்துப் போட்டது தவறா?

முதலில் நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. நிமோனியா முற்றி மூச்சு வாங்கியதால் ஐசியூவில் சேர்த்தீர்கள், அன்றிரவே வாய்வழியாக டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள், இன்றோடு ஆறு நாள். இப்போது தொண்டையில் ஓட்டை போட வேண்டும் என்று மறுபடி கையெழுத்துக் கேட்கிறார்கள். சொந்தக்காரர்கள் "டியூப் போட்டா அவ்வளவுதான், நீ அன்னைக்கே ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது" என்கிறார்கள். டியூப் போட்டவர்கள் திரும்பி வருவார்களா, நாம் பேசுவது கேட்குமா, கையை ஏன் கட்டியிருக்கிறார்கள், ஓட்டை போடலாமா என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தடவை படித்தபோது நான்குக்கும் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது என்று பட்டது: அன்றிரவு நான் போட்ட கையெழுத்தால்தான் அப்பா இப்படிப் படுத்திருக்கிறாரா?

இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அப்பாவைப் படுக்கையில் போட்டது நிமோனியா. டியூப் வந்தது அதற்குப் பிறகு. நான் மயக்கவியல் மருத்துவர், இருபது வருடத்துக்கு மேல் ஆபரேஷன் தியேட்டரிலும் ஐசியூவிலும் இதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனாலும் உங்கள் அப்பாவின் எக்ஸ்ரேயையோ ரத்தப் பரிசோதனையையோ நான் பார்க்கவில்லை, அவர் பிழைப்பாரா என்று இங்கே உட்கார்ந்து சொல்ல என்னால் முடியாது. அப்படிப் பார்க்காமலே சொல்கிறவர்கள் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள், உங்கள் சொந்தக்காரர்கள் உட்பட. டியூப் என்ன செய்யும், என்ன செய்யாது, எது உறுதி, எதில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

"டியூப் போட்டவர்கள் திரும்ப மாட்டார்கள்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பித்தப்பை ஆபரேஷன், குடலிறக்கம், முதுகெலும்பு, மூளை, இதயம் என்று முழு மயக்கம் கொடுத்துச் செய்கிற ஆபரேஷன்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே டியூப்பை, இதே வழியாக, ஏறக்குறைய இதே மருந்துகளைக் கொடுத்துத்தான் போடுகிறோம். ஆபரேஷன் முடிந்ததும் அங்கேயே எடுத்துவிடுகிறோம். வீட்டுக்குப் போனவர் ஒருநாள் தொண்டை கரகரப்பாக இருக்கிறது என்பார், தனக்கு டியூப் போட்டது பலருக்குத் தெரியவே தெரியாது. ஐசியூவில் போடும்போதுதான் குடும்பத்துக்குச் சொல்கிறோம். அங்கே அதைப் போடுவதே நுரையீரலோ மூளையோ இதயமோ தோற்றுக்கொண்டிருக்கும்போது என்பதால், அவர்களில் கணிசமானவர்கள் அந்த நோயிலேயே இறந்துபோகிறார்கள். ஊரில் பேச்சு மிஞ்சுவது அவர்களைப் பற்றித்தான்.

டியூப் எந்த நோயையும் குணப்படுத்தாது, நாள் வாங்கித் தரும். இதைப் புரியவைக்க நான் எப்போதும் கட்டுவிரியன் கடியைத்தான் சொல்வேன், நம் ஊரில் ஐசியூவில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். தரையில் படுத்துத் தூங்குகிறவரை ராத்திரியில் கடித்துவிட்டுப் போகும், வலியும் பெரிதாக இருக்காது, கடிவாய்கூடச் சில சமயம் தெரியாது. விடியும்போது வயிற்று வலி, இமை மூடிக்கொள்ளும், பேச்சுக் குழறும், அப்புறம் மூச்சு நிற்கும். அதன் விஷம் தசைக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்பு முனைகளைச் சேதப்படுத்திவிடும், ஏற்கெனவே சேதமானதை விஷமுறிவு மருந்து திருப்பித் தராது, அந்த முனைகள் மறுபடி சரியாகும் வரை யாராவது மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆளைப் பார்த்தால் மூளைச்சாவு என்றே தோன்றும், டார்ச் அடித்தால் கண்பாவைகூடச் சுருங்காது. அப்படி ஒரு காலேஜ் பையனை நாங்கள் வைத்திருந்தோம். நாலாம் நாள் வலதுகைக் கட்டைவிரல் லேசாக அசைந்தது, ஒன்பதாம் நாள் டியூப்பை எடுத்தோம், நடந்து வீட்டுக்குப் போனான். போகும் முன் எங்களிடம் ஒன்று சொன்னான். அவன் கட்டில் பக்கத்தில் நின்று சித்தப்பா ஒருவர் ஊருக்கு எடுத்துப்போக ஆம்புலன்ஸுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டது, நர்ஸ் அவரை வெளியே போகச் சொன்னது, எல்லாம் கேட்டதாம். அன்றைக்கு என் உடம்பு சிலிர்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு அதுதான் பதில். தூக்க மருந்து ஆழமாகப் போகும்போது கேட்காது, கேட்டாலும் நினைவில் நிற்காது. மருந்து குறைவாக இருக்கும்போது கேட்கலாம். எந்த நிமிடம் கேட்கிறது, எந்த நிமிடம் இல்லை என்று வெளியிலிருந்து நம்மால் பிரிக்க முடிவதில்லை. அதனால் கேட்கிறது என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள், பணக் கணக்கையும் பழைய சண்டையையும் கட்டில் பக்கத்தில் பேசாதீர்கள்.

அன்றிரவு உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன், தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். முதலில் மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க் வழியாகச் சுத்த ஆக்ஸிஜன் மூன்று நிமிடமாவது கொடுத்திருப்பார்கள். மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகு அவர் தானாக மூச்சு விட மாட்டார், டியூப் உள்ளே போகும்வரை நுரையீரலில் சேமித்த ஆக்ஸிஜன்தான் கையிருப்பு. ஆரோக்கியமான ஆளுக்கு அப்படி நிரப்பிவிட்டால் ஏழெட்டு நிமிடம்கூடத் தாங்கும், நிரப்பாவிட்டால் ஒரு நிமிடம் சொச்சம். நிமோனியாவில் சளி அடைத்த நுரையீரலுக்கு நிரப்பினாலும் அவ்வளவு வராது, சில பேருக்கு அரை நிமிடத்திலேயே மானிட்டரில் ஆக்ஸிஜன் எண் சரியத் தொடங்கிவிடும். அந்த அவகாசத்துக்குள் லாரிங்கோஸ்கோப் என்ற விளக்கு வைத்த கருவியால் நாக்கை ஒதுக்கி, குரல்நாண்கள் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கண்ணால் பார்த்து, ஆண்களுக்கு என்றால் 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயை, பல்வரிசையிலிருந்து ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செலுத்த வேண்டும். நுனியிலுள்ள சின்ன பலூனைக் காற்றடைத்து உப்பவைப்பார்கள், காற்று வெளியே கசியாமலும் எச்சில் உள்ளே இறங்காமலும் தடுக்க அதுதான். ரொம்ப அழுத்தமாக உப்பவைத்தால் மூச்சுக்குழாயின் உட்சுவருக்கு ரத்தம் போகாமல் புண்ணாகும், அதனால் அழுத்தத்தை 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் வைக்க வேண்டும். ஷிஃப்டுக்கு ஒருமுறையாவது அதை அளந்து பார்க்கிற ஐசியூவை நான் மதிப்பேன்.

இதில் ஆபத்து இல்லவே இல்லை என்று சொன்னால் பொய். 29 நாடுகளில் 2,964 தீவிர நோயாளிகளுக்கு டியூப் போட்டதைக் கவனித்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில் 45 சதவீதம் பேருக்கு, போடும்போதோ அடுத்த அரைமணிக்குள்ளோ, பெரிய சிக்கல் ஒன்றாவது வந்திருந்தது. அதில் பெரும்பாலானது ரத்த அழுத்தம் சரிவது. நூற்றுக்கு மூன்று பேருக்கு இதயம் நின்றது. தூக்க மருந்து ரத்தக்குழாய்களைத் தளர்த்தும், வென்டிலேட்டர் நெஞ்சுக்குள் காற்றைத் தள்ளும்போது இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறையும், அதுவரை பதற்றத்தில் தாக்குப்பிடித்த உடம்பு அப்படியே சாய்ந்துவிடும். இன்னொரு ஆபத்து, குழாய் மூச்சுக்குழாய்க்குப் பதில் பின்னாலிருக்கும் உணவுக்குழாய்க்குள் போய்விடுவது. போவது பெரிய குற்றமில்லை, யாருக்கும் நடக்கலாம். போனது தெரியாமல் இருப்பதுதான் உயிரை எடுக்கும். வெளிவரும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறதா என்று கேப்னோகிராஃப் என்ற கருவியின் திரையில் அலை அலையாகத் தெரியும், அலை இல்லை என்றால் குழாய் தவறான இடத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் இதுபோன்ற விபத்துகளைத் தொகுத்து 2011இல் வெளியிட்ட அறிக்கையில், ஐசியூவில் நடந்த மரணங்கள், மூளைச் சேதங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கேப்னோகிராஃப் இல்லாததோ இருந்தும் பயன்படுத்தாததோ ஒரு காரணம் என்று சொன்னார்கள். டியூப் போடும் இடம் எதுவாக இருந்தாலும் அந்தக் கருவி இருக்க வேண்டும், இதில் எனக்குச் சமரசமே கிடையாது. உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டி ஆறு நாள் ஆகிவிட்டது.

அன்றிரவு போடாமல் மாஸ்கிலேயே ஓட்டியிருக்கலாமா என்றும் மனசு கேட்கும். சிலருக்கு முடியும். இறுக்கமான மாஸ்க் வழியாக வென்டிலேட்டர் கொடுப்பது, மூக்கு வழியாக வேகமாக ஆக்ஸிஜன் செலுத்துவது என்று வழிகள் இருக்கின்றன, அதனால் டியூப்பே தேவைப்படாமல் தப்பித்தவர்கள் நிறைய. ஆனால் எந்த மணி நேரத்தில் "இனி காத்திருக்கக் கூடாது" என்று முடிவெடுப்பது என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு எண் இன்றுவரை இல்லை, அனுபவமுள்ள இரண்டு டாக்டர்கள் ஒரே நோயாளியைப் பார்த்து வேறு வேறு முடிவெடுக்கலாம். ஒன்றை மட்டும் என் வாழ்க்கையிலிருந்து சொல்கிறேன். 2021 மே மாதம், கோவிட் இரண்டாம் அலை. ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் மனைவி டியூப் வேண்டவே வேண்டாம் என்று காலைப் பிடித்து அழுதார், எனக்கும் வென்டிலேட்டர் கையில் இல்லாத நேரம், மாஸ்கிலேயே இன்னும் ஒரு ராத்திரி பார்ப்போம் என்றேன். விடிகாலை நாலு மணிக்கு அவர் மூச்சுத் தசைகள் முழுக்கக் களைத்து நினைவு தப்பிய பிறகு போட்டேன், போட்ட பத்தாவது நிமிடம் இதயம் நின்றது. முந்தின நாள் சாயங்காலமே போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த ராத்திரி நான் காத்திருந்தது தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதனால் உங்கள் கையெழுத்தைத் தவறு என்று யார் சொன்னாலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

சரி, கை கட்டியிருப்பது. அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு வாய்க்குள் ஏதோ இருப்பது மட்டும்தான் தெரியும், பிடுங்கத்தான் பார்ப்பார். பலூன் உப்பியபடியே இழுத்தால் குரல்நாண் கிழியலாம், மறுபடி போடுவதற்குள் ஆக்ஸிஜன் சரியும். அதனால் கட்டுகிறார்கள், கொடுமைப்படுத்த இல்லை. ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் கட்டியே வைப்பது நல்ல பழக்கமில்லை, அதுவே குழப்பத்தையும் முரண்டையும் கூட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி, அந்த நேரம் அவிழ்த்துவிட முடியுமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள், பல இடங்களில் சம்மதிப்பார்கள். அதோடு தினமும் ஒருவேளை தூக்க மருந்தை நிறுத்தி விழிக்கவைத்துப் பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் அப்படி தினமும் நிறுத்திப் பார்த்தவர்கள் வென்டிலேட்டரில் இருந்தது ஏறக்குறைய ஐந்து நாள், நிறுத்தாதவர்கள் ஏழு நாளுக்கு மேல். வலிப்பு, நுரையீரல் படுமோசம் என்று சில காரணங்களால் நிறுத்த முடியாமலும் போகலாம். காரணம் என்ன என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இனி ஓட்டை. இந்த வார்த்தையே பயமுறுத்துகிறது, ஆனால் ஐசியூ என்ற ஏற்பாடு தொடங்கியதே இந்த ஓட்டையில்தான். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தபோது, அன்றைய கருவிகளில் வைத்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவரை அழைத்தார்கள். அவர் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிடச் செய்து, பலூன் வைத்த குழாயைச் செருகவைத்து, கையால் ரப்பர் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார், அவள் பிழைத்தாள். அப்புறம் ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு இரவும் பகலும் பையை அழுத்தினார்கள், சாவு வேகமாகக் குறைந்தது.

இன்று ஓட்டை போடச் சொல்வதன் காரணம் எளிமையானது. வாய்வழி டியூப் நாள்கணக்கில் இருந்தால் உதடு, நாக்கு, குரல்நாண் எல்லாம் புண்ணாகும், அதைத் தாங்கவைக்கத் தூக்க மருந்து வேண்டும், தூக்க மருந்து இருக்கும்வரை இருமல் வராது, உடம்பு பலம் பெறாது. தொண்டையில் போட்டால் பெரும்பாலானோருக்குத் தூக்க மருந்தே வேண்டியிருக்காது, சளி எடுப்பது எளிது, உட்காரவைக்கலாம், தேறியதும் வாயால் சாப்பிடவும் பேசவும் பழக்கலாம். வேண்டாம் என்றானதும் குழாயை எடுத்துவிட்டால் துளை பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் தானாக மூடிக்கொள்ளும், ஒரு தழும்பு இருக்கும். ரத்தக் கசிவு, முதல் வாரத்தில் குழாய் நழுவினால் வரும் நெருக்கடி, பிற்பாடு மூச்சுக்குழாய் குறுகுவது ஆகிய ஆபத்துகள் உண்டு.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்த நாளில் போட வேண்டும் என்பதில்தான் இருக்கிறது. பிரிட்டனில் தொள்ளாயிரம் பேர் அளவில் நடத்தி 2013இல் வெளியிட்ட சோதனையில் நாலு நாளுக்குள் போட்டவர்களுக்கும் பத்து நாள் காத்திருந்தவர்களுக்கும் ஒரு மாத இறப்பில் வித்தியாசமே இல்லை, இரண்டு பக்கமும் நூற்றுக்கு 31 பேர் அளவில் இறந்தார்கள். இன்னொன்றும் தெரிந்தது: காத்திருக்கச் சொன்ன பிரிவில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓட்டையே தேவைப்படவில்லை, அதற்குள் ஒன்று தேறிவிட்டார்கள் அல்லது இறந்துவிட்டார்கள். ஆகவே ஆறாம் நாளில் உங்கள் டாக்டரிடம் "இன்னும் இரண்டு மூன்று நாளில் டியூப் எடுக்க வாய்ப்பு இருக்கிறதா, இருந்தால் காத்திருக்கலாமா" என்று தயங்காமல் கேட்கலாம். இல்லை, இன்னும் இரண்டு வாரம் வென்டிலேட்டர் வேண்டியிருக்கும் என்று அவர் காரணத்தோடு சொன்னால், என் அப்பாவாக இருந்தால் நான் போடச் சொல்வேன்.

வாய்ப்பு இருக்கிறதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? "எப்படி இருக்கார்" என்று கேட்டால் "சீரியஸ்தான்" என்ற பதில்தான் வரும். வென்டிலேட்டரில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் ஓடுகிறது, நேற்று எவ்வளவு, முந்தாநாள் எவ்வளவு என்று கேளுங்கள், 80இலிருந்து 60, 60இலிருந்து 40 என்று இறங்கினால் நல்லது. ரத்த அழுத்தத்துக்கு நார்அட்ரினலின் போன்ற மருந்து இன்னும் ஓடுகிறதா, அளவு குறைகிறதா, சிறுநீர் எவ்வளவு, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்று கேளுங்கள். ஆக்ஸிஜன் தேவை 40 பக்கம் வந்து, அழுத்த மருந்து கிட்டத்தட்ட நின்று, கண் விழித்து, இருமவும் செய்தால், அரைமணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை தானாக மூச்சு விடவைத்துச் சோதிப்பார்கள், தாங்கினால் எடுப்பார்கள். எடுத்த பிறகும் பத்தில் ஒன்றிரண்டு பேருக்கு மறுபடி போட வேண்டிவரும், அது நடந்தால் தோற்றுவிட்டோம் என்று நினைக்காதீர்கள்.

பணத்துக்காகச் செத்தவரை வென்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் மாமா சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். இதயம் நின்றுபோனவருக்கு வென்டிலேட்டர் காற்றைத் தள்ளலாம், ரத்தத்தை ஓட்ட அதனால் முடியாது. தொட்டுப் பாருங்கள், உடம்பு சூடாக இருக்கும், மணிக்கட்டில் நாடி ஓடும், பையில் சிறுநீர் சேரும். ஆனால் மீள வழியில்லாதவரை வெளிப்படையாகப் பேசாமல் நாள்கணக்கில் வைத்திருப்பது நடக்கிறது, அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. குணமாக வாய்ப்பே இல்லாத நிலையில் இந்தச் சிகிச்சையை நிறுத்திக்கொள்ள உச்ச நீதிமன்றம் 2018இல் வழி வகுத்தது, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. மருத்துவர் குழுக்கள் பார்த்து, குடும்பமும் சம்மதித்துச் செய்வது அது. ஆறாம் நாள் நிமோனியாவுக்கு அந்தப் பேச்சுக்கே இப்போது இடம் வரவில்லை என்று நினைக்கிறேன், அந்த டாக்டர் வேறு மாதிரிச் சொல்லாதவரை.

நாளைக்குப் பார்க்க விடும்போது அப்பா பேசாததைப் பார்த்துப் பயப்படாதீர்கள், குழாய் குரல்நாண்களுக்கு நடுவில் இருப்பதால் யாராலும் பேச முடியாது, டியூப்பை எடுத்தாலும் இரண்டு மூன்று நாள் குரல் கம்மியிருக்கலாம். நீங்கள் யார் என்று பேர் சொல்லுங்கள், என்ன கிழமை, எந்த மருத்துவமனை, ஏன் வாயில் குழாய் என்று சொல்லுங்கள், அவருக்கு அது எதுவும் தெரியாமல் இருக்கலாம். ஆமாம், இல்லை என்று கண்ணாலோ விரலாலோ பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள், வலிக்கிறதா, தாகமா, திரும்பிப் படுக்கணுமா என்று. அவர் கண்ணாடி போடுகிறவரா, காது மெஷின் வைப்பவரா? அப்படியென்றால் வீட்டிலிருந்து அதை எடுத்துப்போய், துடைத்து, பேர் எழுதிய ஒரு டப்பாவில் போட்டு, விழிக்கும் நேரங்களில் மாட்டிவிடச் சொல்லி சிஸ்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.